சந்தி

நம்ம பக்கத்து ஆட்களுக்கு சாக்ஸபோன் என்றால் ஆவூர் மாதா கோயில் தேருக்கு வரும் பேண்டு செட் ஞாபகம் வரும். இல்லாவிட்டால் 1994-இல் வந்த ‘டூயட்’ படம். அதில் வாசித்த கத்ரி கோபால்நாத், நாதஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் இந்தக் கருவியைக் கேட்டு மயங்கியவர். கட்டையை அமுக்கினால் தனித்தனி ஸ்வரமாகப் பேசும் குழலில் கமகத்தைக் குழைத்துக் கொண்டுவந்தாரே, அது லேசான காரியமா?

அவருடைய ஆல்பம் ஒன்றை அமெரிக்காவில் ஓர் அண்ணன் தன் தம்பிக்கு வேடிக்கையாகத்தான் கொடுத்தாராம். தம்பி ஜாஸ் படித்துக்கொண்டிருந்த ருத்ரேஷ் மகந்தப்பா. கர்நாடகத்திலிருந்து போன குடும்பம். 2008-இல் அவரே கத்ரியோடு சேர்ந்து ‘கின்ஸ்மென்’ வெளியிட்டார். 2011-இல் ‘சம்தி’. நம்ம சந்திதான், பகலும் இரவும் கூடும் வேளை.

திருச்சியில் படிக்கும் என் பேரன் போன மாதம் அதைப் போட்டுக் காட்டினான். எலெக்ட்ரிக் கிடார், எலெக்ட்ரிக் பேஸ், டிரம்ஸ், லேப்டாப், கூடவே மிருதங்கம், கஞ்சிரா. மிருதங்கம் பாலக்காடு ரகுவின் பேரன் அனந்த கிருஷ்ணன். முதலில் எனக்குத் தலைவலிதான். பிறகு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். இளையராஜா பாட்டில் பேஸ் கேட்டு வளர்ந்த காதுதானே, வழி கிடைத்துவிட்டது. ஃபங்க் என்பது இதுதானாம்: முதல் அடி ஓங்கி விழும், மீதியெல்லாம் அதைச் சுற்றி இடறி இடறிப் போகும். நம்ம தவிலில் இல்லாத இடறலா! சாக்ஸபோன் அதற்கு மேலே மூச்சு விடாமல் ஓடுகிறது. சில இடங்களில் வேகம் கொஞ்சம் அதிகம்தான். நின்று ஒரு ராகத்தைத் தடவிக் கொடுத்திருக்கலாம்.

பேரன் நாலு வருஷமாக சாக்ஸபோன் கற்கிறான். இனி இந்த வழியில்தான் போவேன் என்கிறான். “கச்சேரி மேடைக்குத்தானே சேர்த்துவிட்டேன்” என்று என் மகன் அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டான். வகுப்புக்குப் பணமும் நின்றுவிட்டது. நான் மகனிடம் கேட்டேன்: “நாதஸ்வரக்காரர் பிள்ளை சாக்ஸபோனைத் தூக்கினபோது அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் தம்பி?” பதில் இல்லை.

இந்த மாதம் என் பென்ஷனிலிருந்து வகுப்புக்குக் கட்டிவிட்டேன். ஒரே நிபந்தனை: விடியற்காலை வர்ணம் வாசித்த பிறகுதான் ஃபங்க். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.