முதல் எல்க் வேட்டைக்கு ஒரு துப்பாக்கி

ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்பவர்களிடம் "எல்க் வேட்டைக்குப் போய் வந்தேன்" என்று சொன்னால், நம் ஆட்கள் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்க்கிறார்கள். அடுத்து வரும் கேள்வி, "என்ன துப்பாக்கி வாங்கினீர்கள்?" என்பதுதான். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொலராடோவில் என்னைப் போல் வேலை முடித்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காவது பயன்படும்.

எல்க் என்பது மான் இனம்தான். நம் ஊர்க் கடமானுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் 700 பவுண்டு இருக்கும், பெண் 500 பவுண்டு. அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் உள்ள மாநிலம் கொலராடோ. ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் கண்மண் தெரியாமல் சுட்டுத் தீர்த்து, இங்கே மிகச் சிலவே மிஞ்சியிருந்தன. 1913, 1914ஆம் ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் பக்கமிருந்து பிடித்துவந்து எஸ்டஸ் பார்க்கில் விட்டார்கள். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வசூலித்து வனவிலங்குப் பாதுகாப்புக்குக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. இங்கே அது வேறு வழியில் போயிருக்கிறது.

வேட்டை ஆசையைக் கிளப்பியவர் பக்கத்து வீட்டு நண்பர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடமாக மலைக்குப் போகிறவர். நான் வீட்டில் பேச்செடுத்ததும் மனைவி, "ஏங்க, கறிக்கடைல வாங்கித் தின்னாப் போதாதா?" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "போறதுன்னாப் போங்க. ஆனா அது குத்துயிரும் கொலையுயிருமா எங்கேயாவது காட்டுல கெடந்து துடிக்கக் கூடாது." துப்பாக்கி முதல் ஸ்கோப் வரை நான் தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றையும் இந்த ஒரு வாக்கியத்தில் உரசிப் பார்த்தேன்.

முதலில் சட்டம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விச் சான்றிதழ் இல்லாமல் இங்கே உரிமம் வாங்க முடியாது. வகுப்பில் பாதிப் பேர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். தாத்தா வயதில் நான். எல்க்குக்கான ரைஃபிளின் குழல் விட்டம் குறைந்தது .24 அங்குலம், குண்டின் எடை 85 கிரெய்ன், நூறு கெஜத்தில் குண்டுக்கு 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடையும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம். இதெல்லாம் மனப்பாடம் ஆனது.

அடுத்தது எந்தத் தோட்டா என்ற கேள்வி. இந்தச் சண்டை அமெரிக்காவில் நம் ஊர் எம்.ஜி.ஆர்., சிவாஜி சண்டை மாதிரி. ஜாக் ஓ'கானர் என்ற எழுத்தாளர் 1925இல் வந்த .270 வின்செஸ்டருக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். எல்மர் கீத் என்பவரோ பெரிய, கனமான குண்டு வேண்டும் என்று நின்றார். இருவரும் போய்ச் சேர்ந்தாயிற்று, சண்டை மட்டும் துப்பாக்கிக் கடைகளில் இன்னும் நடக்கிறது. 1906இல் ராணுவத்துக்காக வந்த .30-06, 1952இல் வந்த .308, 1962இல் வந்த 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம், அதற்கு அடுத்த வருடம் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் கூட்டம்.

நண்பர் .300 மேக்னம் கட்சி. "எலும்பில் பட்டாலும் உடைத்துக்கொண்டு போகும்" என்றார். சுடும் தளத்தில் தன்னுடையதையே கையில் கொடுத்தார். எனக்கு வலது தோளில் ஐந்து வருடம் முன்பு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று முறை சுட்டதும் தோள் பழைய கதையை ஞாபகப்படுத்தியது. பிறகு அவர் ஒரு வேலை செய்தார். எனக்குத் தெரியாமல், மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றை நடுவில் செருகிவைத்தார். விசையை அழுத்தியதும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது, உதை இல்லை. ஆனால் குழல் முனை இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. வரப்போகும் உதைக்கு உடம்பு முன்கூட்டியே சுருங்கிக்கொள்கிறது. மனதுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம், தோளுக்குச் சொல்ல முடியாது. அந்த இரண்டு அங்குலம் நூறு கெஜம் போகும்போது அடிக்கணக்கில் விலகும். குண்டு எவ்வளவு பலமானதாக இருந்தென்ன, வயிற்றில் பட்டால் என் மனைவி பயந்ததுதான் நடக்கும்.

கணக்கும் அதையே சொல்கிறது. எட்டு பவுண்டு எடையுள்ள .30-06 ஏறக்குறைய 20 அடி-பவுண்டு உதைக்கும். .300 மேக்னம் 25க்கு மேல். .308 பதினேழு சொச்சம்தான். அதே .308 நூறு கெஜத்தில் சட்டம் கேட்கும் ஆற்றலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்திருக்கிறது. நான் .308 எடுத்தேன். நண்பர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்.

குண்டு விஷயத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. ஜான் நோஸ்லர் என்பவர் 1946இல் கனடாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது, குண்டு ஆழமாக இறங்காமல் மேலேயே சிதறிப்போனதாம். அந்த உறுத்தலில் அவர் செய்ததுதான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டு, 1948இல் விற்பனைக்கு வந்தது. நான் வாங்கியது முழுக்கச் செம்பால் ஆன 165 கிரெய்ன் குண்டு. சிதறாது, இறைச்சியில் ஈயத் துணுக்கும் கலக்காது. பேரப் பிள்ளைகள் சாப்பிடும் கறி அல்லவா?

துப்பாக்கி, பழைய வின்செஸ்டர் மாடல் 70. ஒருவர் கைப்பட்டு வந்தது, வால்நட் மரக் கட்டை. இந்த மாடல் 1936லிருந்து இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதன் மூன்று நிலைப் பாதுகாப்புப் பொத்தான். நடு நிலையில் வைத்தால் சுடும் ஊசி பூட்டியிருக்கும், போல்ட்டை மட்டும் திறந்து தோட்டாக்களை வெளியே எடுக்கலாம். குளிரில் மரத்த விரலோடு தோட்டாவை இறக்கும்போது இதன் அருமை தெரியும். தனி ஆளிடம் வாங்கினாலும் உரிமம் பெற்ற கடை வழியாகப் பின்னணிச் சோதனை முடித்துத்தான் வாங்க வேண்டும், இங்கே 2013லிருந்து அதுதான் சட்டம்.

இன்னொன்று யாரும் சொல்லித்தராதது. கடையில் வரும் துப்பாக்கிக் கட்டை ஆறடி ஆட்களுக்கு அளவெடுத்தது. நான் ஐந்தடி ஐந்தங்குலம். அதன்மேல் குளிருக்குத் தடித்த கோட்டு வேறு. துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் கட்டையின் பின்பக்கம் முக்கால் அங்குலம் குறைத்து, ரப்பர் அணை வைத்து வாங்கினேன். சட்டைக்குத் தையற்காரர் மாதிரிதான் இதுவும். அதன்பிறகுதான் கன்னம் கட்டையில் படிந்து, கண் தானாக ஸ்கோப்புக்கு நேரே வந்தது.

ஸ்கோப் விஷயத்தில் நம் வயதுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடைக்காரர் 25 மடங்கு பெரிதாக்கும் ஒன்றைக் காட்டினார். ஒன்றரைப் பவுண்டுக்கு மேல் கனம். நான் வாங்கியது 3-9x40. மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர். நாற்பதை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எட்டு மடங்கில் 5 மில்லிமீட்டர். இளவயதில் இருட்டில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். அறுபதைத் தாண்டினால் ஐந்தே அதிகம். அதற்குமேல் பெரிய கண்ணாடிக்குக் கொடுக்கும் காசு நம் கண்ணுக்குள் நுழையவே நுழையாது. எல்க் வருவதோ விடியலிலும் அந்தியிலும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரை சுடலாம். ஆகவே மடங்கைவிடத் தெளிவான கண்ணாடிக்குப் பணம் கொடுப்பதே மேல். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், கண்ணிலிருந்து மூன்றரை அங்குலமாவது தள்ளி நின்று பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால் உதைக்கும்போது ஸ்கோப் புருவத்தைக் கிழித்துவிடும்.

இருநூறு கெஜத்துக்குச் சரியாக அடிக்கும்படி ஸ்கோப்பைத் திருத்திவைத்தேன். அப்படி வைத்தால் நூறில் குண்டு இரண்டு அங்குலம் மேலே படும், முந்நூறில் எட்டு ஒன்பது அங்குலம் கீழே இறங்கும். கோடை முழுவதும் மேசையில் அல்ல, தரையில் உட்கார்ந்து, இரண்டு குச்சிகளை முட்டுக்கொடுத்து, ஒன்பது அங்குலக் காகிதத் தட்டைச் சுட்டுப் பழகினேன். எல்க்கின் இதயமும் நுரையீரலும் அந்தத் தட்டைவிடச் சற்றுப் பெரிய இடம். இருநூறு கெஜத்தில் ஐந்துக்கு ஐந்தும் தட்டில் பட்டன. இருநூற்றைம்பதில் நான்கு. அந்த ஐந்தாவது குண்டு எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். என் எல்லை இருநூறு என்று நண்பரிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

அக்டோபரில் குலுக்கலில் கிடைத்த பெண் எல்க் உரிமத்தோடு போனோம். 9,500 அடி உயரம், பத்தடி ஏறினால் மூச்சு வாங்கும். மூன்றாம் நாள் மாலை எதிர்ச் சரிவில் இருபது முப்பது மான்கள் மேய்ந்தன. தூரமானியில் பார்த்தால் 340 கெஜம். "இந்தத் துப்பாக்கிக்கு அது எட்டும்" என்றார் நண்பர். எட்டும்தான். துப்பாக்கியின் எல்லை வேறு, என் எல்லை வேறு. இருட்டும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தோம். அவர் கூடாரம் வரை ஒன்றும் பேசவில்லை. இரவு சூப்பை என் பக்கம் நகர்த்தி, "நல்ல வேலை செய்தாய்" என்றார்.

ஐந்தாம் நாள் விடியலில் 130 கெஜத்தில் ஒரு பெண் எல்க் பக்கவாட்டில் நின்றது. ஸ்கோப் நான்கு மடங்கில் இருந்தது. விசை எப்போது விடுபட்டது என்றே தெரியவில்லை, உதையும் நினைவில்லை. முப்பது தப்படி நடந்து, மடிந்து விழுந்தது. ஒரே குண்டு. அருகில் போய் அதன் கழுத்தில் கை வைத்தேன், சூடு இருந்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல மாட்டேன். பின்தொடை ஒன்றே ஐம்பது பவுண்டுக்கு மேல். இருவரும் அந்தி வரை நான்கு நடை சுமந்து இறக்கினோம்.

எல்க் கறியில் கொழுப்பு குறைவு. நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, மிளகு அரைத்துப்போட்டு வறுத்தால் நம் நாக்குக்கு ஒத்துவரும். மனைவி சமைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், "துடிச்சுதா?" என்று. இல்லை என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

நம் வயதில் யாராவது கிளம்புவதாக இருந்தால், தோள் தாங்கும் துப்பாக்கியையும் கண் ஏற்கும் ஸ்கோப்பையும் வாங்குங்கள். மிச்சப் பணத்தைத் தோட்டாவில் போட்டுக் கோடை முழுவதும் பழகுங்கள். எவ்வளவு தூரத்துக்குமேல் சுட மாட்டோம் என்பதை மலை ஏறுவதற்கு முன்பே, வீட்டில் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மானைக் கண்ட பிறகு எடுக்கிற முடிவு அவ்வளவு சரியாக வராது.