லேசான ரோலர்

"ஸார், இந்த லேசான ரோலரைப் போடுங்க. ஸ்கூட்டர் பறக்கும்; பெட்ரோலும் மிச்சம்!" என்றார் மதுரைக் கடைக்காரர் ஒருவர்.

கியரில்லாத ஸ்கூட்டரில் கியரின் வேலையைச் செய்வது ஒரு பெல்ட்டும் இந்த ரோலர்களுந்தான். மாற்றினேன். பறந்தது! திருமங்கலம் வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"தேய்ஞ்ச செருப்பைக் கழற்றிட்டா, எந்தப் புதுச் செருப்பும் சுகமாத்தாங்க இருக்கும்" என்றாள் மனைவி.

சுருக்கென்றது. பழைய ரோலர்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன!

கம்பெனி ரோலரையே புதிதாகப் போட்டு, அதே சாலையில், அதே வேகத்தில், டாங்க் நிரப்பி ஓட்டினேன். இதுவும் பறந்தது! லேசான ரோலர் விளிம்புக்கு நகர எஞ்சின் கூடுதலாகச் சுழல வேண்டும். அதனால் புறப்படுகையில் துள்ளல் கொஞ்சம் அதிகம். பெட்ரோல் செலவும் அதிகம்.

புதியதைப் புதியதோடு ஒப்பிடாவிட்டால் லேசாவது நம் பர்ஸ்தான், ஐயா!