வளை தோண்டுவோர்

நெய்தல் திணையைப் பாடம் நடத்தும்போதெல்லாம், மணலில் வளை தோண்டும் அலவனை வியந்து பேசுவது நம் வழக்கம். ஆனால் அதன் இனத்ததான வயல் நண்டு வரப்பைத் துளைத்தபோது, எங்கள் தந்தையார் வளைதோறும் மருந்து வைத்தார். ஒரே இரவில் நீர் வடிந்துபோன வயலின் கரையில் நின்ற அவர் முகம் இன்னும் நினைவிலிருக்கிறது.

அண்மையில் பேய் இறால் என்னும் உயிரைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது அம்முகமே முன்வந்து நின்றது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓதம் வற்றினால் வெளிப்படும் சேற்றுவெளிகளின் அடியில் அது வாழ்கிறது. விரல் நீளமே உடையது. முக்கால் மீட்டர் ஆழம் வரை கிளைகிளையாக வளை தோண்டும். மணலைச் சலித்து அதிலுள்ள மட்கிய உணவை உண்டு, எஞ்சியதை மேலே தள்ளிச் சிறு குன்றாகக் குவிக்கும். வயிற்றடித் துடுப்புக் கால்களை அசைத்துக் கடல்நீரை உள்ளே இழுக்கும். காற்றேறாத கருஞ்சேற்றுக்குள் உயிர்வளி செல்வது அவ்வாறுதான்; புதைந்த சத்துகள் நீருக்குத் திரும்புவதும் அவ்வாறுதான். சாம்பல் திமிங்கிலமும் பச்சை ஸ்டர்ஜன் மீனும் இதைத் தேடித் தின்கின்றன. நிலத்தில் மண்புழு செய்வதைக் கடற்சேற்றில் இது செய்கிறது.

ஆயினும் வாஷிங்டன் மாநிலத்து வில்லப்பா விரிகுடாவில் சிப்பி வளர்ப்போருக்கு இதுவே பகை. இறால் குடைந்த தரை இளகிவிடும். மேலே கிடக்கும் சிப்பிகள் புதைந்து மூச்சடைத்து மாயும். எனவே 1963 முதல் அங்கே கார்பரில் தெளித்தார்கள். நம் உழவர்கள் செவின் என்ற பெயரில் அறிந்திருந்த அதே மருந்து. அது 2013இல் நின்றது. அடுத்து இமிடாகுளோபிரிட் தெளிக்கக் கேட்ட அனுமதியை, சேற்றில் வாழும் பிற சிற்றுயிர்களுக்கும் கேடு என்று மாநிலச் சூழலியல் துறை 2018இல் மறுத்தது. இத்தனைக்கும் இறால் அவ்விரிகுடாவின் பூர்வகுடி. அங்கே பெரிதும் வளர்க்கப்படும் சிப்பியோ சென்ற நூற்றாண்டில் ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்டது.

அச்சிப்பி வளர்ப்போரைக் குறைசொல்ல நமக்கு நா எழவில்லை. அவர்களும் தங்கள் வரப்பைக் காத்தவர்களே. ஆனால் மருந்து வைத்த ஆண்டுகளில் எங்கள் வயலில் கொக்கு இறங்கிய நினைவில்லை. அன்று அதை வீட்டில் எவரும் கேட்கவில்லை; நாமும் கேட்கவில்லை.