நேசமணிக்கு புல்லட்டின் எழுதியது யார்?

2019 மே மாதம். ஃபேஸ்புக்கில் ஒரு இன்ஜினீயரிங் பக்கம், சுத்தியல் படத்தைப் போட்டு 'உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?' என்று கேட்டது. தமிழர் ஒருவர் பேரைச் சொன்னதோடு, ஜமீன் பங்களாவில் கான்ட்ராக்டர் நேசமணி மண்டை உடைந்தது இதனால்தான் என்றும் சேர்த்துவிட்டார். இன்னொருவர் 'இப்போ எப்படி இருக்கார்?' என்று விசாரிக்க, அவ்வளவுதான்! மோடி இரண்டாவது முறை பதவியேற்ற அதே வாரம், உலக ட்ரெண்டிங்கில் '#பிரேஃபார்நேசமணி'.

'ஃப்ரெண்ட்ஸ்' வந்தது 2001-ல். வடிவேலுவுக்குப் புதுப்படம் எதுவும் வராதிருந்த நேரம் வேறு. 18 வருஷம் கழித்து, யாரும் கேட்காமலே ஹெல்த் புல்லட்டின், பிரார்த்தனை, கிருஷ்ணமூர்த்தியைக் கைது செய்யச் சொல்லி கோரிக்கை... அத்தனையும் சிரிக்காமல் செய்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் பதறிப்போய் 'யாருங்க இந்த நேசமணி?' என்றதுதான் ஹைலைட்.

இன்று டிஜிட்டல் டெஸ்க்கில் மீம் தொகுப்பு போடுவது என் வேலை. மீமின் மூலையில் பொடி எழுத்தில் பேஜ் பேர் இருக்கும். க்ராப் செய்துவிட்டு 'படம்: இணையம்' என்று போட்டால் ஒரு நிமிஷ வேலை. நான் பேரைத் தேடிப்பிடித்துப் போடுவேன். "அவங்களே சினிமால இருந்து சுட்டதுதானேம்மா?" என்பார் சீனியர். நியாயமான கேள்விதான். காட்சி இயக்குநர் சித்திக்குடையது, நேசமணி வடிவேலுவுடையவர். ஆனால், அவரை ஐ.சி.யூ-வில் சேர்த்தது செல்போனும் கையுமாக இருந்த யாரோ ஒருத்தர்தானே சார்?