கோப்பியும் குவளையும்

நல்ல கோப்பியை வீட்டில் எவ்வாறு தயாரிப்பது என்று இக்காலத்தில் எவரையேனும் கேட்டால், முதலில் வருவது இயந்திரத்தின் பெயர்தான். நீராவி அழுத்தத்தாற் சாறு பிழியும் இயந்திரம், மின்சாரத்தில் இயங்கும் அரைப்பான், வெப்பத்தைப் பாகை பாகையாகக் காட்டும் கேத்தில் என்று பட்டியல் நீளும். ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கவல்ல பட்டியல் அது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரையில், பழுகாமத்தில் இருந்து எழுதும் நமக்கு இக்கேள்வி வேறொரு முனையிலிருந்தே தொடங்குகிறது. கொட்டை எங்கிருந்து வந்தது? அதற்காக உழைத்தவர் யார்? வடித்தெடுத்த பின் அதை எந்தப் பாத்திரத்தில், யாருக்கு ஊற்றுகிறோம்?

நமது வயல் நிலத்திற்கும் கோப்பிக்கும் தொடர்பில்லை. அது மலைநாட்டிலிருந்தே இங்கு வருகிறது. இன்று தேயிலையின் நாடென்று உலகம் அறியும் இந்தத் தீவு ஒரு காலத்திற் கோப்பியின் நாடாக இருந்தது என்பதை நம் மாணவர்களிற் பலர் அறியார். 1820களிற் கம்பளைப் பகுதியில் ஆங்கிலேயர் தோட்டம் திறந்தனர். ஆள்பதியாக இருந்த எட்வேர்ட் பார்ன்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். சட்டம் இயற்றுபவரே தோட்டக்காரராகவும் இருந்தால் சட்டம் எவருக்குச் சாதகமாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிக் குடியானவனின் சேனை நிலத்தை அரசுடைமை ஆக்கிற்று. அந்நிலம் ஏக்கர் 5 சிலிங் வீதம் வெள்ளைத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த உழைப்பாளி மக்கள் மன்னாரிற் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் பசியும் அவ்வழியிற் கொன்றவர்களுக்குச் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. கோப்பி மூட்டைகளுக்கோ கணக்கு இருந்தது. அவற்றைத் துறைமுகம் சேர்ப்பதற்கென்றே 1867இற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதையும் வந்தது.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் இலையின் அடிப்புறத்தில் மஞ்சட் பொடி போன்ற ஒரு நோய் காணப்பட்டது. இலைத்துரு எனப்படும் பூஞ்சண நோய் அது. கோப்பிச் செய்கையையே பாடுபொருளாகக் கொண்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் தமிழ் நூல் அச்சேறியதும் அதே ஆண்டில் என்பது தமிழ் படித்த நமக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டிருந்தமையால் நோய் தங்குதடையின்றிப் பரவிற்று. 1870களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் பரந்திருந்த கோப்பி, அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் அழிந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கோப்பி பறிக்கும் காலத்துக்கு மட்டும் வந்து போன தொழிலாளரைத் தேயிலை ஆண்டு முழுவதும் லயத்தில் இருத்திக்கொண்டது. அவர்களின் வழிவந்தோரிற் பெரும்பாலோரைத்தான் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கியது.

இனி, கொட்டை. கடைகளிற் கிடைப்பன இரு வகை: அரபிக்கா, ரொபஸ்டா. அரபிக்கா உயர்ந்த குளிர்மலையில் விளைவது. நறுமணமும் மெல்லிய புளிப்பும் உடையது. நோய்க்கு எளிதில் ஆளாவது. ரொபஸ்டா தாழ்ந்த நிலத்திலும் விளையும், கைப்பு மிகுந்தது, கபேன் ஏறக்குறைய இருமடங்கு, இலைத்துருவைத் தாங்கி நிற்பது. வீட்டுத் தோட்டங்களிலிருந்து நமது சந்தைக்கு வருவது பெரும்பாலும் ரொபஸ்டாவே. அதை இழிவாகப் பேசுவது இன்று நாகரிகமாகிவிட்டது. நன்கு பழுத்த பழத்தைப் பறித்து, பூஞ்சணம் பிடியாமல் உலர்த்திய ரொபஸ்டா, பக்குவம் கெட்ட அரபிக்காவைவிட எவ்வளவோ மேல். வாங்கும்போது ஒரு பிடி எடுத்துப் பார்க்கவேண்டும். கறுத்தது, துளை விழுந்தது, உடைந்தது ஆகியவற்றைப் பொறுக்கி எறிதல் அவசியம். ஒரு கெட்ட கொட்டை ஒரு கேத்திலையே கெடுத்துவிடும். தூளாக வாங்குவதை நாம் விரும்புவதில்லை. தூளில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்றவனுக்கே வெளிச்சம். குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை தூவினால் கோப்பித் தூள் சிறிது நேரம் மிதக்கும்; சிக்கரி உடனே நிறத்தை இறக்கிக்கொண்டு அமிழும்.

வறுப்பதற்குக் கனத்த இரும்புச் சட்டி வேண்டும். மெல்லிய தகரம் ஒருபுறத்தைக் கருக்கி மறுபுறத்தைப் பச்சையாக விட்டுவிடும். அகப்பையை ஓயாது துழாவவேண்டும். முதலில் புல் வாடை எழும். பிறகு பாண் வெதுப்புவது போன்ற வாசனை. அதன்பின் சோளம் பொரிவது போலப் படபடவென்ற ஓசை. கொட்டையின் வெப்பம் அப்போது 200 பாகையை அண்மித்திருக்கும். ஓசை அடங்கியதும் இறக்கிச் சுளகிற் கொட்டிப் புடைத்தால் உமி பறக்கும், சூடும் ஆறும். நமது ஊர் வழக்கம் இதற்கு ஒப்பாது. "கறுக்க வறுத்தால்தான் கோப்பி, மனே" என்று அயல்வீட்டு ஆச்சி நம் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டதும் உண்டு. ஆச்சியின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. கறுக்க வறுத்ததில் தரக்குறைவு தெரியாது. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்தால் அது தனியொரு பானமாகிவிடும். காய்ச்சல்காரனுக்கு அதைவிட இதமானது வேறில்லை. எனினும் கொட்டையின் சொந்தச் சுவையை அறிய விரும்புபவர் ஓசை அடங்கிய இடத்தில் நிறுத்துவதே நன்று. வறுத்ததை ஒரு நாள் ஆறவிட்டுப் பின் இறுக மூடிய போத்தலில் வைக்கவேண்டும். இரண்டு மூன்று கிழமைக்கு மேற்பட்ட தேவைக்கு வறுக்கலாகாது. பச்சைக் கொட்டையோ மாதக்கணக்கில் இருக்கும்.

கருவிகளுள் காசு செலவழிக்கத் தக்கது ஒன்றே. அது கையாற் சுற்றும் சிறு அரைப்பான். உரலில் இடித்தால் மாவும் குறுணியும் கலந்தே வரும். மா விரைவிற் கரைந்து கைக்கும். குறுணி கரையாமற் புளிக்கும். அரைப்பானுக்கு வழியில்லாதவர் இடித்ததை மாவரியில் அரித்து, நுண்மாவை மல்லிக் கோப்பிக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை வடிப்பதற்குப் பயன்படுத்தலாம். நாம் நெடுங்காலம் அவ்வாறே செய்தோம்.

வடிப்பதற்குப் பருத்தித் துணி போதும். 1908இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி, தம் மகனின் பள்ளிக் கொப்பியிலிருந்த ஒற்றுத் தாளைத் துளையிட்ட பாத்திரத்தில் இட்டுக் கோப்பி வடித்தார். இன்றைய தாள் வடிகட்டிகளுக்கெல்லாம் அதுவே மூலம். ஒரு லீற்றர் நீருக்கு 60 கிராம் தூள். நீர் கொதித்து அடங்கி அரை நிமிடம் சென்றபின் முதலிற் சிறிது ஊற்றித் தூளை நனைத்து, அது பொங்கித் தணிந்தபின் எஞ்சியதை மெல்ல ஊற்றவேண்டும். துணியைச் சவர்க்காரம் இன்றி வெந்நீரில் அலசவேண்டும். வாவியோரக் கிணறுகளில் நீர் உவர்ப்பதால் குடிப்பதற்கென்று கொணரும் நல்ல தண்ணீரையே கோப்பிக்கும் எடுக்கவேண்டியிருக்கிறது. பால் வேண்டியதில்லை. 2021இலும் 2022இலும் பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்றபோது வெறுங்கோப்பிக்கு நாக்குப் பழகிற்று. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது நமது பழைய வழக்கமும் அல்லவா?

2025இல் விலை ஏறியிருந்தது. 2024இற் பிரேசிலில் மழை பொய்த்ததன் பின், 2025 பெப்ரவரியில் அரபிக்காவின் உலகச் சந்தை விலை இறாத்தலுக்கு 4 டொலரைத் தாண்டிற்று. நாடுகளிடையே கோட்டா வகுத்து விலையைத் தாங்கிய 1962ஆம் ஆண்டின் சர்வதேசக் கோப்பி ஒப்பந்த ஏற்பாடு 1989இற் குலைந்தபின், விலை விழும்போது அதன் அடி செய்கையாளன் முதுகிலும், ஏறும்போது அதன் இலாபம் பெரும்பாலும் இடைநின்றோர் பெட்டியிலும் விழுவதே வழக்கமாயிற்று.

இறுதியாகக் குவளை. கருவி தேர்வோர் இதைக் கடைசியில் நினைப்பர். நம் சமுதாயமோ இதையே முதலில் நினைத்தது. தமிழகத்துக் கோப்பி ஓட்டல்களிற் சாதிக்கொரு பந்தி இருந்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே தாழ்த்தப்பட்டோருக்குத் தகரப் பேணியும் போத்தலும். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்திருந்தும், 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது; சங்கானையிலும் நெல்லியடியிலும் ஒரு கிளாஸ் தேநீருக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. நமது கரையில் அது கடையிலன்றி வீட்டு முற்றத்தில் நடந்தது. குடிமைத் தொழில் புரிந்தோருக்குச் சிரட்டையோ தனிக் கிண்ணமோ இறப்பிற் செருகியிருக்கும். இன்று இறப்பிற் கிண்ணம் இல்லை; சிலர் வந்தால் மட்டும் வீசியெறியும் பிளாஸ்டிக் குவளை வெளியே வருகிறது. காரணம் கேட்டால் சுகாதாரம் என்பார்கள். ஆசிரியர் வந்தால் அந்தச் சுகாதாரம் நினைவுக்கு வருவதில்லை.

நம் வீட்டிற் கைப்பிடியற்ற கண்ணாடிக் குவளைகள் 12 உண்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே அலுமாரித் தட்டு. நிரப்பி ஊற்றினால் விரல் சுடும். ஆகையால் அரைக்குவளையே ஊற்றி, தீர்ந்தவுடன் மறுபடி ஊற்றுகிறோம்.