டிரிபிள் காங்கோ வந்திருக்கா?

ஆடி பிறந்துவிட்டால் கிழக்குத் தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். கடைசி நாள் ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. பாடப்போவது யார் என்று பெரியவர்கள் விசாரிப்பார்கள். பையன்களுக்கு ஒரே கேள்விதான்: டிரிபிள் காங்கோ வந்திருக்கா? உயரமான மூன்று தோல் மேளங்கள், பக்கத்திலேயே பேங்கோஸ். வாசிப்பவர் விரல்களில் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளும்போதே நாங்கள் மேடையோரம் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடுவோம்.

அந்த மேளங்கள் கியூபாவில் வளர்ந்தவை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் தாளம் அவற்றில் இருக்கிறது. நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் கியூபாக்காரர்களும் அந்தத் தாளத்தோடு ஜாஸைக் கலந்ததில் உருவானதுதான் சல்ஸா இசை. ஜானி பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சியும் 1964இல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் அதை உலகமெல்லாம் கொண்டுசென்றது. ஹவானாவை விட்டு வந்த சீலியா குரூஸ் அதன் ராணியானார். 1973இல் யாங்கி ஸ்டேடியத்தில் ரே பரேட்டோவும் மோங்கோ சாந்தமரியாவும் காங்கோவில் போட்டி போட்டு வாசித்தபோது, ஜனம் தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. எங்கள் தெருக் கச்சேரியைப் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

ஃபானியா தொடங்கிய அதே 1964இல்தான் ‘புதிய பறவை’யும் ‘சர்வர் சுந்தர’மும் திரைக்கு வந்தன. விஸ்வநாதன்–ராமமூர்த்தி அவற்றில் லத்தீன் தாளத்தைத் தமிழ் மெட்டோடு எவ்வளவு இயல்பாகச் சேர்த்தார்கள்! ‘அவளுக்கென்ன’ பாட்டில் எம்.எஸ்.வி.யும் வாத்தியக்காரர்களும் திரையிலேயே தெரிவார்கள். கோடம்பாக்கத்தில் பிறந்த அந்தக் கலவை, 1931 முதல் மின்ரயில் ஓடிய அதே பாதையில் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் கடந்து எங்கள் தெரு மேடைக்கு வந்தது. காமேஷ்–ராஜாமணி, ஏ.வி. ரமணன் குழுக்கள் பெரிய பெயர்கள். பெயர் தெரியாத உள்ளூர்க் குழுக்களும் அந்தப் பாட்டுகளை விடாமல் வாசித்தன.

பிறகு ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளக்கருவி வந்தது. மூன்று மேளங்களின் சத்தமும் ஒரு பலகைக்குள் அடங்கிவிட்டது. சுமக்க வேண்டாம், இடமும் மிச்சம். குழுக்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளங்கை தோலில் விழும் அந்த அதிர்வு அதில் இல்லை.

பாடியவர்களை ஊரே அறியும். எம்.எஸ்.வி.க்கு டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் போன்றவர்களின் பெயர் அன்றைய பட டைட்டில்களில் பெரும்பாலும் வந்ததில்லை. தாளக் கலைஞர் டிட்டோ புவெந்தேவை நியூயார்க் கொண்டாடியதுபோல இவர்களையும் நாம் கொண்டாடியிருக்க வேண்டும்.