அடித்தல் திருத்தல் உள்ள தாள்

சிதம்பரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தோழிக்கு,

நீ போட்டோ பிடித்து அனுப்பிய கட்டுரைகளை விருத்தாசலம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே வாசித்து முடித்துவிட்டேன். ‘எழுத்துப் பயிற்சித் தாளில் நான் வளர்ந்த விதம்’ என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள்தான் என்ன செய்வார்கள், பாவம். முதல் செமஸ்டரில் எனக்குக் கட்டுரை எழுத வராது. இப்போது நன்றாக வருகிறது. இதற்குக் காரணமான எங்கள் தமிழ் அம்மாவுக்கு நன்றி. இடையில் ஒரு குறள், பச்சை ஸ்கெட்ச்சில். ஏறக்குறைய எல்லாத் தாளும் இதேதான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பத்தாம் வகுப்புக் குறிப்புச் சட்டகம் கல்லூரிக்கும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

வளர்ந்துவிட்டேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள், வளர்ந்ததற்கு ஒரு தடயத்தையும் காணோம், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். பஸ்ஸிலிருந்தே பதில் போட்டிருப்பேன். ஆனால் நான் போய்க்கொண்டிருந்தது கடலூருக்கு. ஒருவர் எப்படி எழுத்தாளர் ஆகிறார் என்ற கேள்வியைச் சுமந்துகொண்டு போக அதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. தங்கை மகள் கல்யாணம் சிதம்பரத்தில், நாளைக் காலை முகூர்த்தம். அந்தச் சாக்கில் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி, கடலூரில் இறங்கிச் சுற்றிவிட்டு வந்தேன்.

இறங்கியது திருப்பாதிரிப்புலியூரில். ஊர்க்காரர்கள் வாயில் அது திருப்பாப்புலியூர். புதுமைப்பித்தன் பிறந்தது இங்கேதான், 1906 ஏப்ரல் 25. கெடிலத்துப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் மஞ்சக்குப்பம். ஜெயகாந்தன் பிறந்த இடம், 1934 ஏப்ரல் 24. வருஷம் வேறானாலும் ஒரு நாள் தள்ளி, ஒரு பாலம் தள்ளி இரண்டு பேர். திருநெல்வேலிக்காரர்கள் புதுமைப்பித்தனை முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் அப்பா தாசில்தார் வேலையில் மாற்றலாகிப் போன செஞ்சியிலும் திண்டிவனத்திலும் கள்ளக்குறிச்சியிலும்தான் அந்தப் பையன் முதலில் படித்தான். அப்பா ஓய்வு பெற்று 1918-ல்தான் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. சொ. விருத்தாசலம் என்ற சொந்தப் பெயரில் மட்டும் இந்த மாவட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது.

கல்லூரியா அவரை எழுத்தாளர் ஆக்கியது? திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1931-ல், 25 வயதில். பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நாவல்களிலும் கதைகளிலும் மூழ்கிக் கிடந்தவர் வேறு எப்படி முடித்திருக்க முடியும்? 1933-ல் ‘காந்தி’ இதழில் வெளியான அவருடைய முதல் கட்டுரையின் தலைப்பு ‘குலோப்ஜான் காதல்’. உன் மாணவன் ஒருவன் அந்தத் தலைப்பில் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினால் நம் துறைகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். பிறகு ‘மணிக்கொடி’, ‘ஊழியன்’, ‘தினமணி’. உதவி ஆசிரியர் வேலை என்றால் சும்மாவா? தினமும் எழுத வேண்டும், வெட்ட வேண்டும், வந்த செய்தியை ராத்திரிக்குள் தமிழாக்க வேண்டும். மறுநாள் அதே வேலை. நாம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நடத்தும் பயிற்சித் தாள் இதன் பக்கத்தில் நிற்காது.

மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் ஜெயகாந்தன் பேச்சை எடுத்தேன். “அஞ்சாங்கிளாஸ்தாம்மா. அதுக்கே ஞானபீடம்” என்றார் ஒரு பெரியவர். “மேல படிச்சிருந்தா கெட்டுப் போயிருப்பாரு” என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவள் எவ்வளவு சிரிக்க முடியுமோ அவ்வளவு.

ஐந்தாம் வகுப்பு என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். படிக்காததால் எழுத வந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சிறுவனாகச் சென்னைக்குப் போன அவர் வளர்ந்தது கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில், ஜீவா போன்றவர்கள் நடமாடிய இடத்தில். விடிந்தால் வாசிப்பு, விவாதம், பேச்சு. ஜனசக்தி அச்சகத்தில் அச்சுக் கோத்தார். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்தவர் எழுதிய வாக்கியத்தைக் கட்டிப் பழகியவனுக்கு, வாக்கியம் எங்கே இழுக்கிறது, எங்கே தேவையில்லாமல் நீள்கிறது என்று விரலே சொல்லிவிடும். பிறகு ‘சரஸ்வதி’ மாதிரி ஓர் இதழ் கிடைத்தது, அதன்பின் ‘ஆனந்த விகடன்’. கூடவே இருந்து வாசிக்கிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், வெளியிடுகிறவர்கள் என்று ஒரு எழுத்தாளனுக்கு வேண்டிய அத்தனை பேரும் அவருக்கு வாய்த்தார்கள். உன் மாணவனுக்கு இவர்களில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மத்தியானம் சிதம்பரம் பஸ். முதுநகர் தாண்டியதும் சிப்காட் ரசாயன வாடை, ஜன்னலைச் சாத்தினாலும் விடாது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று போகப் போகத்தான் காற்று காற்றாக ஆனது. மறுபடி உன் தாள்களைத் திறந்தேன். காலையில் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. ஒரே ஒரு தாளில் ஒயிட்னர் தடவிய இடம். பெரிதாக்கிப் பார்த்தால் அடியில் இருக்கும் சொல் மங்கலாகத் தெரிகிறது: கம்மாக்கரை. மேலே அழகாக எழுதியிருப்பது: நீர்நிலை. ‘எங்கள் ஊர் நீர்நிலையில் அமர்ந்து என் முதல் கவிதையை எழுதினேன்.’ கம்மாக்கரையில் உட்காரலாம், காலைத் தொங்கப் போடலாம். நீர்நிலையில் அமர்ந்தால் முங்கித்தான் போக வேண்டும்!

சிரிப்பு அடங்கியதும் வருத்தமாகிவிட்டது. மொத்தக் கட்டிலும் ஒரு பிள்ளை உண்மையாக எழுதிய ஒரே சொல் அதுதான், அதையும் அவனே பூசி மறைத்துவிட்டான். யார் சொல்லி மறைத்தான்? ஆறாம் வகுப்பிலிருந்து நாம் எல்லாரும் சேர்ந்து சொன்னதுதான். காலையில் கடந்து வந்த விருத்தாசலத்துப் பக்கம்தான் மணக்கொல்லை, கண்மணி குணசேகரனின் ஊர். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’ எழுதியவர். தன் மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ என்று ஓர் அகராதியே போட்டுவிட்டார். இமையமும் இந்த மாவட்டத்துக்காரர். 1994-ல் வந்த ‘கோவேறு கழுதைக’ளில் இந்த மண்ணின் பேச்சுதான் நாவலைத் தூக்கி நிறுத்துகிறது. 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது அவருடைய ‘செல்லாத பணம்’ நாவலுக்கு. இவர்கள் கையில் யாராவது ஒயிட்னரைக் கொடுத்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

சிதம்பரத்தில் இறங்கியதும் முதல் வேலையாகச் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். (உனக்கு வாங்கி வர முடியாது, ஊசிப்போகும்.) பிறகு ரயில் பாதையைத் தாண்டி அண்ணாமலை நகர். ஞாயிறானாலும் இரண்டு மூன்று ஜெராக்ஸ் கடைகள் திறந்திருந்தன; புராஜெக்ட் ஸ்பைரல் பைண்டிங் ஆகிக்கொண்டிருந்தது. கட்டுக்கட்டாக முடிந்த தாள்கள், எல்லாமே சுத்தமான பிரதிகள். இவற்றின் முதல் படிகள் எங்கே போயிருக்கும்? ரஃப் நோட்டு பழைய பேப்பர்காரருக்கு, ஃபேர் நோட்டு பீரோவுக்கு. பள்ளியிலிருந்து நாம் படிப்பித்த முறை இது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினால் மார்க்.

இந்த ஊரில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் அடித்துத் திருத்தியே பெரியவர்கள் ஆனவர்கள் என்பதுதான் வேடிக்கை. 1929-ல் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே இங்கே மீனாட்சி தமிழ்க் கல்லூரி இருந்தது. 1924 முதல் 1927 வரை அதற்கு முதல்வர் உ.வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தவர் அதோடு கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடவில்லை. திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பு 1907-ல் வந்தது. நடுவில் இருபது வருஷம். நாம் ‘என் சரித்திர’த்தில் ரசிக்கிறோமே, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அந்த உரைநடை, அது 1940-ல் விகடனில் தொடராகத் தொடங்கியபோது அவருக்கு வயது 85-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1942-ல் காலமானபோது அது முடிந்திருக்கவும் இல்லை. ஒரு செமஸ்டரில் வளர்ந்துவிட்டேன் என்று எழுதிய உன் பிள்ளைகளிடம் இதைச் சொல்.

ஆறுமுக நாவலர் 1864-ல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் இந்த ஊரில்தான். தமிழ் வசனத்துக்கு நிறுத்தக்குறிகளைப் பழக்கிய மனிதர். யாழ்ப்பாணத்தில் இருபது வயதை ஒட்டிய காலத்தில் பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கும் வேலை செய்தார். மொழிபெயர்ப்பு என்றாலே ஒரே வாக்கியத்தை இப்படியும் அப்படியும் எழுதிப் பார்ப்பதுதானே. அந்த வேலைக்குப் பிறகு வந்தவைதான் பாலபாடங்களும் 1852-ன் பெரியபுராண வசனமும். மதத்தில் எதிரெதிர்த் திசைக்குப் போனவர்கள் இருவரும். வாக்கியத்தில் மட்டும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். இதை எந்தப் பாடத்திட்டத்திலும் சேர்க்கலாம்.

மௌனியைச் சொல்லாமல் சிதம்பரத்தை விட முடியாது. கணிதப் பட்டதாரி, 1940-களில் இங்கே வந்தவர் 1985-ல் இறக்கும்வரை இந்த ஊர்க்காரர். மொத்தமே 24 கதைகள். அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றவர், நாம் காலையில் பார்த்த திருப்பாப்புலியூர்க்காரர். மௌனியின் கையெழுத்துப் படிகளைத் தான் செப்பனிட்டுக் கொடுத்ததாக எம்.வி. வெங்கட்ராம் எழுதியது ஒரு பெரிய சர்ச்சை. அது மௌனிக்குக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உரிமையோடு பேனாவை எடுத்துத் திருத்தும் ஒரு நண்பன் கிடைப்பது எழுதுகிறவனுக்குப் பாக்கியம். நமக்குத்தான் திருத்துவது என்றால் ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மையில் சுழி போடுவது என்று ஆகிவிட்டது.

நீ கொடுத்த தலைப்பு அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து நடந்து வந்தது. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் 1980-களில் ஒற்றைத் தேர்வுக்குப் பதிலாக மாணவர் எழுதியவற்றின் கோப்பை வைத்து மதிப்பிட்டார்கள். படிகள், திருத்தங்கள், எப்படி எழுதினேன் என்ற குறிப்பு எல்லாம் அதில் அடக்கம். நம்மிடம் வந்து சேரும்போது கோப்பு வழியில் விழுந்துவிட்டது, குறிப்பு மட்டும் வந்தது. காட்ட ஒன்றும் இல்லாதபோது பிள்ளை நன்றிதான் சொல்வான்.

ஆகவே இப்படிச் செய். அடுத்த முறை அந்தத் தலைப்பையே கொடுக்காதே. ஊரைப் பற்றி, வீட்டைப் பற்றி, பஸ் பாஸ் தொலைந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல். பக்கத்து பெஞ்சில் ஒருவரிடம் கொடுத்துப் புரியாத இடத்தில் கோடு போடச் சொல். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதட்டும். இரண்டு தாளையும் பின் அடித்து வாங்கு. எந்த வரியை ஏன் மாற்றினேன் என்று நாலு வாக்கியம் போதும், அதுதான் வளர்ந்த கதை. இன்டர்னல் 25 உன் கையில்தானே இருக்கிறது, அதில் பத்தை இரண்டு தாளுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்குப் போடு. அறுபது பேருக்கும் உன்னால் முடியாது என்பது எனக்குத் தெரியும். பாதித் தாள்களை எனக்கு அனுப்பு, கோடைவிடுமுறையில் வாசித்துத் தருகிறேன்.

அந்தக் கம்மாக்கரைப் பையனை மட்டும் நாளைக்கே கூப்பிட்டுப் பேசு. ஒயிட்னரைச் சுரண்டிவிட்டுத் தாளைத் திரும்பக் கொடுக்கச் சொல், முழு மார்க் போடு. துறையில் யாராவது கேட்டால் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி